தண்டவாளத்துக்குக் காவல் யார்?

கரீபா அணையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கீங்களா? சிவில் படிக்கிறவங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆப்பிரிக்காவில் சாம்பெசி நதியின் குறுக்கே கட்டிய வளைவு அணை. 1959-ல் கட்டி முடித்தார்கள். கொள்ளளவில் பார்த்தால், மனிதன் கட்டிய நீர்த்தேக்கங்களில் இன்னைக்கும் உலகத்திலேயே பெரியது அதுதான்.

நதிக்கு வடக்கே வடக்கு ரொடீசியா, அதாவது இன்றைய சாம்பியா. தெற்கே தெற்கு ரொடீசியா, இன்றைய ஜிம்பாப்வே. அந்த நேரத்தில் பிரிட்டன் இரண்டையும் ஒரே கூட்டாட்சிக்குள் வைத்திருந்தது. அதனால் பவர்ஹவுஸை ஒரு கரையில் மட்டும் கட்டினால் போதும் என்று முடிவு பண்ணினார்கள். எந்தக் கரை? தெற்குக் கரை, வெள்ளைக்காரக் குடியேறிகள் அதிகம் இருந்த பக்கம். கரண்டைப் பெரும்பாலும் இழுத்தது வடக்கே இருந்த தாமிரச் சுரங்கங்கள். சுவிட்ச் மட்டும் தெற்கே.

1964 அக்டோபர் 24 அன்று சாம்பியா சுதந்திரம் அடைந்தது. கென்னத் கவுண்டா முதல் ஜனாதிபதி. கொடி, தேசிய கீதம், ஐ.நா.வில் ஒரு நாற்காலி, எல்லாம் கிடைத்தது. ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும். 1965 நவம்பர் 11 அன்று தெற்கு ரொடீசியாவில் இயன் ஸ்மித்தின் அரசு, பிரிட்டனைக் கேட்காமலேயே, 'இனி நாங்கள் தனி நாடு' என்று அறிவித்தது. மக்கள்தொகையில் சுமார் 5 சதவீதம் இருந்த வெள்ளையர்களின் ஆட்சி அது. பெரும்பான்மையான கறுப்பின மக்களின் கைக்கு அதிகாரம் போகக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். சாம்பியாவின் கரண்ட், நிலக்கரி, பெட்ரோல், தாமிரம் ஏற்றுமதியாகும் முக்கிய ரயில் பாதை, எல்லாமே அந்த ஸ்மித்தின் நாட்டை நம்பித்தான் இருந்தன. சாம்பியாவின் ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தாமிரம் என்பதையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க.

நம்ம பாடத்தில் இதுக்கு ஒரு பேர் இருக்கு: சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். ஒரு பாகம் போனால் மொத்த சிஸ்டமும் படுத்துவிடும். இங்கே படுக்க இருந்தது ஒரு நாடு.

இதை எதுக்குச் சொல்றேன்னா, ஏழை நாடுகளின் வளர்ச்சி பற்றிப் பேச்சு வந்தால் ஹாஸ்டல் ரூமிலும் சரி, டிவி விவாதத்திலும் சரி, இரண்டே குரல்தான் கேட்கும். 'முதல்ல ரோடு, ஸ்கூல், ஃபேக்டரி கட்டட்டும், ராணுவச் செலவு எல்லாம் வீண்' என்பது ஒன்று. 'முதல்ல பாதுகாப்பு, அப்புறம்தான் வளர்ச்சி' என்பது இன்னொன்று. காலனி ஆட்சியிலிருந்து வெளியே வந்த சின்ன நாடுகளுக்கு இந்த இரண்டுமே பொருந்தாது என்பது என் கருத்து. அங்கே இரண்டும் ஒரே வேலை. அதுவும் ஒரு நாடு தனியாகச் செய்ய முடியாத வேலை. பக்கத்து நாடுகளோடு சேர்ந்தால்தான் முடியும். இதை ரொம்பப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட இடம் ஆப்பிரிக்காவின் தென்பகுதி.

இன்னொரு லைன் போட்டால் போதுமா?

நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம்? 'ரிடண்டன்சி வை. ஒரு லைன் போனால் இன்னொன்று இருக்கட்டும்.' சாம்பியாவும் அதைத்தான் செய்தது.

ரொடீசியா மேல் பெட்ரோல் தடை வந்தபோது, அந்த வழியாக வந்த சாம்பியாவின் பெட்ரோலும் சேர்ந்தே நின்றது. கொஞ்ச காலம் எரிபொருளை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து லாரிகள் மண் ரோட்டில் ஓடின. 1968-ல் தார் எஸ் சலாமிலிருந்து சாம்பியாவின் இன்டோலா வரை 1,710 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் போட்டு முடித்தார்கள். அடுத்தது ரயில். மேற்கு நாடுகளிடமும் உலக வங்கியிடமும் கேட்டபோது, பொருளாதார ரீதியாக இது கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது. கடைசியில் சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்தது. 1970-ல் தொடங்கி 1975-ல் 1,860 கிலோமீட்டர் பாதையைப் போட்டு முடித்தார்கள். அதுதான் டசாரா ரயில்.

'கட்டுப்படியாகாது' என்று சொன்னவர்களின் கணக்கு முழுசா தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு 20 லட்சம் டன் சரக்கு என்று திட்டமிட்ட அந்தப் பாதை, அந்த அளவை ஒருமுறைகூட எட்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு காலமே இல்லை. 1973 ஜனவரியில் ஸ்மித் அரசு சாம்பியாவுடனான எல்லையை மூடியது. சில வாரத்தில் 'திறக்கிறோம்' என்று இறங்கி வந்தபோது, கவுண்டா 'வேண்டாம், மூடியே இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டார். தாமிரத்தை மேற்கே அங்கோலாவின் பெங்குவேலா ரயிலில் திருப்பி விட்டார்கள். 1975 ஆகஸ்டில் அங்கோலாவில் உள்நாட்டுப் போர் வெடித்து அந்தப் பாதையும் நின்றது. டசாரா தயாரானது அதே வருஷம். அது இல்லாமல் இருந்திருந்தால் சாம்பியா மறுபடியும் ஸ்மித் வாசலில் போய் நின்றிருக்கும். கடைசியில் உரம் உள்ளிட்ட சரக்கு வந்து சேராமல் 1978-ல் தெற்கு எல்லையைத் திறக்க வேண்டிய நிலை வந்தது என்பதும் உண்மை. ஆனால் அதுவரை ஐந்து வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடித்தார்கள்.

அதோடு முடியவில்லை. 1979 அக்டோபரில் ரொடீசியக் கமாண்டோக்கள் எல்லை தாண்டி உள்ளே வந்து, டசாரா பாதையில் சம்பேஷி நதிப் பாலத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள்.

இங்கேதான் நம்ம ரிலையபிலிட்டி பாடம் உதைக்குது. இரண்டு லைன் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போக வாய்ப்பு குறைவு என்று நாம் பெருக்கிக் கணக்கு போடுவோம். அந்தப் பெருக்கல், இரண்டு பழுதும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. துருப்பிடிக்கிற பாலத்துக்கு அது சரி. குண்டு வைக்க ஆள் இருக்கிற பாலத்துக்குச் சரிவராது. முதல் லைனை வெட்டியவனே இரண்டாவது லைனையும் தேடி வருவான். அப்போது கேள்வி, எத்தனை லைன் இருக்கு என்பது இல்லை. அந்த லைனை யார் காக்கிறார்கள் என்பதுதான்.

ஒன்பது நாடுகள், ஒரு சுற்றுச்சுவர்

1980-ல் ஜிம்பாப்வே சுதந்திரம் அடைந்தது. அதே வருஷம் ஏப்ரல் 1 அன்று சாம்பியாவின் லுசாகாவில் ஒன்பது நாடுகள் கூடின. அங்கோலா, போட்ஸ்வானா, லெசோத்தோ, மலாவி, மொசாம்பிக், சுவாசிலாந்து, தான்சானியா, சாம்பியா, ஜிம்பாப்வே. தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சி ஒருங்கிணைப்பு மாநாடு என்ற அமைப்பை உருவாக்கின. தென்னாப்பிரிக்கா நாடு அதில் இல்லை. அங்கே இருந்த நிறவெறி அரசைச் சார்ந்திருப்பதைக் குறைக்கத்தான் இந்த அமைப்பே.

மேப்பை எடுத்துப் பாருங்க. இந்த ஒன்பதில் ஆறு நாடுகளுக்குக் கடலே கிடையாது. கடலுக்குப் போகணும்னா அங்கோலா, மொசாம்பிக், தான்சானியா வழியாகப் போகணும். இல்லைன்னா தென்னாப்பிரிக்கா வழியாகப் போகணும். அதனால் சுங்க வரி, பொதுச் சந்தை என்றெல்லாம் தொடங்காமல் நேரடியாக வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். போக்குவரத்து மொசாம்பிக்குக்கு, எரிசக்தி அங்கோலாவுக்கு, உணவுப் பாதுகாப்பு ஜிம்பாப்வேக்கு, சுரங்கம் சாம்பியாவுக்கு. நம்ம ப்ராஜெக்ட் டீமில் மாட்யூல் பிரிக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. முதல் முக்கியத்துவம் ரயிலுக்கும் துறைமுகத்துக்கும்.

தென்னாப்பிரிக்க அரசுக்கு இது நல்லாவே புரிந்தது. இந்த நாடுகளின் சரக்கு வேறு வழியாகப் போய்விட்டால் அவர்கள் பிடி தளர்ந்துவிடும். மொசாம்பிக்கில் ரெனாமோ என்ற ஆயுதக் குழு இருந்தது. ரொடீசிய உளவுத்துறை உருவாக்கியது. 1980-ல் ரொடீசியா மறைந்ததும் தென்னாப்பிரிக்க ராணுவம் அதைத் தத்தெடுத்தது. அதன் இலக்குகள் தண்டவாளம், பாலம், மின்கோபுரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கிராமம். 1982 டிசம்பரில் மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் இருந்த எண்ணெய்க் கிடங்கைத் தென்னாப்பிரிக்கக் கமாண்டோக்களே எரித்தார்கள். பெட்ரோல் இல்லாமல் தவித்தது பக்கத்து நாடான ஜிம்பாப்வே.

ஈஈஈ பிரிவு நண்பர்களுக்காக இன்னொன்று. மொசாம்பிக்கில் சாம்பெசி நதி மேல் கஹோரா பாசா அணை இருக்கு. போர்த்துகீசியர் கட்டியது. அங்கிருந்து ஜோஹன்னஸ்பர்க் பக்கம் வரை 1,420 கிலோமீட்டர் உயர் அழுத்த நேர்மின் லைன், 1,920 மெகாவாட் திறன். உள்நாட்டுப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டவர்களைச் சாய்த்தார்கள். அணைக்கு ஒன்றும் ஆகவில்லை, டர்பைனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் நின்ற மின் விநியோகம் ஒழுங்காகத் திரும்பி வந்தது 1997-ல்தான். கிட்டத்தட்ட நம்ம வயசு அளவுக்கு ஒரு பவர் ஸ்டேஷன் சும்மா நின்றது.

அப்போது ஜிம்பாப்வே ஒரு முடிவு எடுத்தது. பெய்ரா ரயில் பாதையும் எண்ணெய்க் குழாயும் இருப்பது மொசாம்பிக்கில். எல்லையிலிருந்து துறைமுகம் வரை சுமார் 300 கிலோமீட்டர். அடுத்த நாட்டு மண்ணில் இருக்கிற அந்தப் பாதையைக் காக்க ஜிம்பாப்வே தன் சிப்பாய்களை அனுப்பியது. ஆயிரக்கணக்கில், பத்து வருஷத்துக்கும் மேல் அங்கே இருந்தார்கள். தான்சானியாவும் மொசாம்பிக்குக்குப் படை அனுப்பியது. சுதந்திரம் அடைந்து சில வருஷமே ஆன ஒரு நாட்டுக்கு அது பெரிய செலவு. ஆனால் ஹராரேயிலிருந்து சரக்கைப் பெய்ராவுக்குப் பதிலாக டர்பனுக்கு அனுப்பினால் தூரம் மூன்று மடங்குக்கும் மேல். வாடகை வாங்குவதும் எதிரி, கதவை மூடக் கூடியவனும் எதிரி. அந்தக் காவல் செலவை ராணுவக் கணக்கில் எழுதுவதா, வளர்ச்சிக் கணக்கில் எழுதுவதா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிரிக்க முடியும் என்றும் தோன்றவில்லை.

தனியாகத் தப்பிக்க நினைத்தவர்கள் கதையும் இருக்கு. 1984 மார்ச்சில் மொசாம்பிக் அதிபர் சமோரா மஷேல், தென்னாப்பிரிக்காவுடன் இன்கோமாட்டி ஒப்பந்தம் போட்டார். நீங்கள் ரெனாமோவை விடுங்கள், நாங்கள் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் போராளிகளுக்கு இடம் தர மாட்டோம் என்பதுதான் பேரம். மொசாம்பிக் தன் வாக்கைக் காப்பாற்றியது. தென்னாப்பிரிக்க ராணுவம் ரெனாமோவுக்கு ரகசியமாக உதவிக்கொண்டே இருந்தது. அடுத்த வருஷம் பிடிபட்ட ரெனாமோ ஆவணங்களில் அது அம்பலமானது.

மலாவி இன்னும் ஒரு படி மேலே. அதன் தலைவர் பண்டா நிறவெறி அரசோடு நட்பு பாராட்டினார். ரெனாமோ மலாவி மண்ணைப் பயன்படுத்தியது. ஆனால் மலாவிக்குக் கடல் வழி எது? மொசாம்பிக்கின் பெய்ராவும் நக்காலாவும். ரெனாமோ வெட்டியது அந்தத் தண்டவாளங்களைத்தான். 1980-களின் நடுவில் இரண்டும் நின்று, மலாவியின் தேயிலையும் புகையிலையும் சுற்றிச் சுற்றி டர்பனுக்குப் போயின. 1986-ல் மஷேல், கவுண்டா, முகாபே மூன்று பேரும் நேரில் போய் நெருக்கிய பிறகு, அடுத்த வருஷம் நக்காலா பாதையைக் காக்க மலாவியும் படை அனுப்பியது. பக்கத்து வீட்டுக்குத் தீ வைக்கிறவனுக்குத் திண்ணையில் இடம் கொடுத்தால், ஓலை பறந்து வந்து விழப்போவது நம்ம கூரையில்தான்.

இந்த நாசத்துக்கு ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையம் ஒரு கணக்கு போட்டது. 1980 முதல் 1988 வரை ஒன்பது நாடுகளுக்கும் சேர்த்து 6,000 கோடி டாலர் இழப்பு, சுமார் 15 லட்சம் உயிர்கள். அந்த உயிர்களில் ஏராளம் குழந்தைகள். போரால் வந்த பசியிலும் நோயிலும் இறந்தவர்கள்.

எதிரி போன பிறகு

1992-ல் ரோமில் மொசாம்பிக் அமைதி ஒப்பந்தம். அதே வருஷம் பழைய அமைப்பு, தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகமாக மாறியது. 1994-ல் நெல்சன் மண்டேலாவின் தென்னாப்பிரிக்காவும் உறுப்பினர். 1995-ல் பொது மின் கட்டமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். 1996-ல் பாதுகாப்புக்குத் தனிப் பிரிவு. 2003-ல் ஒருவரைத் தாக்கினால் எல்லோரும் சேர்ந்து எதிர்கொள்வோம் என்று பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம். பேப்பரில் பார்த்தால் பழைய காலத்தைவிட எல்லாமே பக்கா.

ஆனால் 2017 அக்டோபரில் மொசாம்பிக்கின் வடகோடி மாகாணமான காபோ டெல்காடோவில் ஆயுதக் கிளர்ச்சி தொடங்கியபோது என்ன நடந்தது? மொசாம்பிக் அரசு வெளிப்படையாக உதவி கேட்கத் தயங்கியது. அண்டை நாடுகள் கூட்டம் போட்டன. 2021 மார்ச்சில் பல்மா நகரம் தாக்கப்பட்டது. ஏப்ரலில் டோட்டல் நிறுவனம் தன் 2,000 கோடி டாலர் இயற்கை எரிவாயுத் திட்டத்தை நிறுத்தியது. அந்தத் திட்டத்தில் நம்ம நாட்டுப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 30 சதவீதப் பங்கு இருக்கு, தெரியுமா? பிராந்தியப் படை அங்கே இறங்கியது 2021 ஜூலையில், முதல் தாக்குதல் நடந்து மூணே முக்கால் வருஷம் கழித்து. அதற்கும் கொஞ்சம் முன்னாடியே, இந்தச் சமூகத்தில் உறுப்பினரே இல்லாத ருவாண்டாவின் படை வந்து நின்றுவிட்டது. 2024 ஜூலையில் பிராந்தியப் படை கிளம்பிவிட்டது. ருவாண்டா இருந்தது.

பணமும் ஒப்பந்தமும் இல்லாத காலத்தில் ஒருவர் தண்டவாளத்தை ஒருவர் காத்தவர்கள், ஒப்பந்தம் வந்த பிறகு ஏன் தாமதித்தார்கள்? பொது எதிரி இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'பாதுகாப்பு' என்ற சொல், கொஞ்சம் கொஞ்சமாக ஆட்சியில் இருப்பவர்களின் பாதுகாப்பாக மாறிவிட்டது.

1998 செப்டம்பரில் லெசோத்தோவில் அரசியல் குழப்பம் வந்தபோது தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் படை அனுப்பின. தென்னாப்பிரிக்கப் படை தொடக்கத்திலேயே போன இடங்களில் ஒன்று கட்சே அணை. ஜோஹன்னஸ்பர்க் பகுதிக்குத் தண்ணீர் போவது அங்கிருந்துதான். அணையைக் காத்துக்கொண்டிருந்த லெசோத்தோ வீரர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். யாருடைய தண்ணீர், யாருக்குப் பாதுகாப்பு?

2008-ல் இந்தச் சமூகத்தின் பொது நீதிமன்றம், நிலம் பறிக்கப்பட்ட விவசாயிகள் போட்ட வழக்கில் ஜிம்பாப்வே அரசுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. தலைவர்கள் என்ன செய்தார்கள்? 2010-ல் நீதிமன்றத்தையே நிறுத்தி வைத்தார்கள். 2012-ல், இனி நாடுகளுக்கு இடையிலான வழக்கு மட்டும்தான், தனி மனிதர்கள் இங்கே வரக் கூடாது என்று முடிவு செய்தார்கள். தங்களை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதில் மட்டும் பிராந்திய ஒற்றுமை ரொம்ப வேகமாக வேலை செய்தது.

'ஏழை நாடுகளுக்கு எதுக்குக் கூட்டுப் படை? ருவாண்டா மாதிரி யாரையாவது கூப்பிட்டுக்கலாமே' என்று நீங்க கேட்கலாம். கூப்பிடலாம். ஆனால் வாடகை வாங்குகிறவரும் கதவை மூடக் கூடியவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்று கரீபாவிலேயே பார்த்தோம். ஜிம்பாப்வே 1998-ல் காங்கோ போருக்குள் போய்த் தன் பொருளாதாரத்தைக் கெடுத்துக்கொண்டதே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெய்ராவில் மக்களின் உணவும் எரிபொருளும் போகும் பாதையைக் காத்தார்கள், காங்கோவில் ஒரு நட்பு ஆட்சியைக் காத்தார்கள். இரண்டுக்கும் பேர் கூட்டுப் பாதுகாப்புதான். பலன் ஒன்றில்லை.

அதனால் என் நிலைப்பாடு இதுதான். சேர்ந்து காப்பது வேண்டும், ஆனால் எதைக் காக்கிறோம் என்பதை மக்கள் கேட்கக்கூடிய ஒரு இடமும் வேண்டும். அந்த நீதிமன்றத்தின் கதவைத் தனி மனிதர்களுக்குத் திறக்காமல், படைக்கு மட்டும் ஒப்பந்தம் எழுதினால், அது அரண்மனைக் காவலாகத்தான் முடியும்.

இன்னைக்கு அதே மேப்பில் மறுபடியும் பணம் கொட்டுது. பேட்டரிக்குத் தாமிரமும் கோபால்ட்டும் வேணும். சீனா திரும்பக் கட்டிக்கொடுத்த பெங்குவேலா பாதையை இப்போ லோபிட்டோ காரிடார் என்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் முன்னெடுக்கின்றன. டசாராவைப் புதுப்பிக்கச் சீனா வந்திருக்கு. நம்மில் சிலர் நாளைக்கு இப்படி ஒரு ப்ராஜெக்டில் டிசைன் டேபிளில் உட்காருவோம். லோடு, கிரேடியன்ட், செலவு எல்லாம் கேட்போம். அதோடு இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்க. இந்தப் பாதையைப் பக்கத்து நாட்டில் ஒருத்தர் வெட்டினால், எந்த நாடு வந்து நிற்கும்? இந்தப் பாதை ஓரத்தில் வாழ்கிறவங்களுக்கு அதில் என்ன பங்கு? இரண்டுக்கும் பதில் இல்லைன்னா, எவ்வளவு நல்லா டிசைன் பண்ணினாலும், 1,420 கிலோமீட்டர் வரிசையா நின்ற அந்த டவர்களின் கதைதான்.